டூர் டி பிரான்ஸ் விளம்பர ஊர்தி அணிவகுப்பு

டூர் டி பிரான்ஸ் விளம்பர ஊர்தி அணிவகுப்பு என்பது, பிரான்ஸ் நாட்டில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில், வீரர்கள் வருவதற்கு முன்பாக அதே சாலையில் செல்லும் அலங்கார வண்டிகளின் வரிசை ஆகும். பிரெஞ்சு மொழியில் இது 'கரவான் புப்ளிசித்தேர்' எனப்படுகிறது. விளம்பர நிறுவனங்களின் கார்களும் சுமையுந்துகளும் இசை முழங்கச் செல்ல, அவற்றில் நிற்கும் பணியாளர்கள் சாலையோரத்தில் காத்திருக்கும் மக்களுக்குத் தொப்பி, இனிப்பு, சாவிக்கொத்து, சிறு பொட்டலத் தின்பண்டங்கள் முதலியவற்றை வீசிக்கொண்டே போவார்கள். 1930ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. சாலையோரத்திற்கு வருபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதன்மையாக இந்த அணிவகுப்பைக் காணவே வருகிறார்கள் என்று பந்தய அமைப்பாளர்களே கூறியுள்ளனர்.

அணிவகுப்பு ஏன் தேவைப்பட்டது

கால்பந்து, டென்னிசு போன்ற விளையாட்டுகளுக்கு அரங்கம் உண்டு, வாயில் உண்டு, வாயிலில் நுழைவுச்சீட்டு விற்கலாம். சாலை மிதிவண்டிப் பந்தயத்திற்கு இவற்றில் எதுவும் இல்லை. டூர் டி பிரான்ஸ் ஏறத்தாழ மூன்று வாரங்களில், 21 கட்டங்களாக, 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்கிறது. வழிநெடுக வயலோரத்திலும் மலைப்பாதையிலும் வீட்டு வாசலிலும் நின்று எவர் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பார்ப்பவரிடம் பணம் வாங்க வழியில்லாத விளையாட்டு இது. எனவே செலவுக்கான பணம் வேறு யாரிடமிருந்தாவது வரவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தயத்தைப் பார்க்க மக்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் பந்தயம் அவர்களைக் கடந்துபோக எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. சமதளச் சாலையில் வீரர்கள் கூட்டமாக மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 12.5 மீட்டர். அக்கூட்டம் 200 மீட்டர் நீளமிருந்தால், முதல் வீரர் முதல் கடைசி வீரர் வரை ஓரிடத்தைக் கடக்க 16 நொடிகள் போதும். மலையேற்றங்களில் வீரர்கள் பிரிந்து ஒருவர் பின் ஒருவராக மெதுவாக வருவதால் சற்று அதிக நேரம் பார்க்கலாம். ஆனால் சமவெளிச் சிற்றூர் ஒன்றில், காலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்த குடும்பத்திற்குக் கிடைப்பது அந்தப் பதினாறு நொடிகள்தான். குழந்தைகளால் எந்த வீரர் எவர் என்று அடையாளம் காணவும் முடியாது.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே விடையாக அமைந்ததே விளம்பர அணிவகுப்பு. காத்திருக்கும் கூட்டத்திற்கு அது பொழுதுபோக்கு. பந்தயம் நடத்துவோருக்கு அது வருமானம். பார்வையாளர் சீட்டு வாங்குவதில்லை. மாறாக அவருடைய கவனம் விளம்பர நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது, அதற்கு ஈடாக அவர் கையில் ஒரு தொப்பி வந்து சேருகிறது.

தோற்றம்

டூர் டி பிரான்ஸ் பந்தயமே ஒரு விளம்பர முயற்சியாகப் பிறந்தது. 'ல'ஆட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ், போட்டி இதழான 'லெ வெலோ'வை முந்துவதற்காக 1903ஆம் ஆண்டில் இப்பந்தயத்தைத் தொடங்கியது. அவ்விதழின் ஆசிரியர் ஆன்றி டெக்ராஞ்சு. ல'ஆட்டோ மஞ்சள் தாளில் அச்சானது. 1919 முதல் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் சட்டைக்கு அத்தாளின் நிறமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. ஆகவே தூய விளையாட்டாக இருந்த பந்தயத்தில் பின்னாளில் விளம்பரம் புகுந்து கெடுத்துவிட்டது என்று சிலர் வருந்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தொடக்கத்தில் வீரர்கள் மிதிவண்டி உற்பத்தி நிறுவனங்களின் அணிகளுக்காக ஓட்டினார்கள். அவர்களுடைய செலவை அந்நிறுவனங்களே ஏற்றன. இந்நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு பந்தய முடிவைத் தீர்மானிக்கின்றன என்ற ஐயம் டெக்ராஞ்சுக்கு நெடுநாளாக இருந்தது. 1929இல் பெல்ஜிய வீரர் மோரிசு டி வாலே நோயுற்றிருந்தபோதும், அல்சியோன் நிறுவன அணியினரின் துணையோடு வெற்றி பெற்றார். இது டெக்ராஞ்சுக்குப் பெரும் சினத்தை உண்டாக்கியது. 1930இல் அவர் நிறுவன அணிகளை நீக்கிவிட்டு, நாடுகளின் பெயரால் தேசிய அணிகளைக் கொண்டுவந்தார். உற்பத்தியாளர் பெயர் இல்லாத ஒரே வகை மஞ்சள் மிதிவண்டிகளை அமைப்பாளர்களே வீரர்களுக்கு வழங்கினர்.

இம்மாற்றத்தின் விளைவாகப் பெரும் செலவு வந்து சேர்ந்தது. அதுவரை நிறுவனங்கள் ஏற்றுவந்த உணவு, தங்குமிடம், பயணம் ஆகிய அனைத்தும் இப்போது அமைப்பாளர்களின் தலையில் விழுந்தன. அந்தப் பணத்தைத் திரட்டும் வழியாகவே, பந்தயத்திற்கு முன்னால் செல்லும் உரிமையை டெக்ராஞ்சு விளம்பரதாரர்களுக்கு விற்றார்.

விளம்பர வண்டிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் அவை பந்தயத்தின் பின்னால் சென்றன. வீரர்கள் கடந்துபோனதும் மக்கள் வீடு திரும்பத் தொடங்கிவிடுவதால், பின்னால் வரும் வண்டிகள் பெரும்பாலும் கலையும் கூட்டத்தையும் காலிச் சாலையையுமே கண்டன. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பதுபோல் முன்னால் சென்றால்தான் பயன் என்பதை உணர்ந்தவர், மெனியே சாக்லேட் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளர் போல் தெவெனேன். அவரே இக்கருத்தை டெக்ராஞ்சிடம் முதலில் முன்வைத்தவர். முன்னால் செல்லும் உரிமைக்காக மெனியே நிறுவனம் 50,000 பிராங்கு செலுத்தியது. அவ்வாண்டில் டன் கணக்கில் சாக்லேட்டும், நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட 5,00,000 காவலர் தொப்பிகளும் மக்களுக்கு வழங்கப்பட்டன. கூட்டம் வீரர்களுக்கு முன்பே திரண்டிருந்தது. கையில் சாக்லேட்டோடும் தலையில் தொப்பியோடும் வீரர்களை வரவேற்றது. இவ்வெற்றியைக் கண்டு அடுத்த ஆண்டிலேயே அணிவகுப்பு முறைப்படுத்தப்பட்டது. 'சிரிக்கும் பசு' பாலாடைக்கட்டி, 'கருஞ்சிங்கம்' மெருகுப்பசை போன்ற வீட்டு உபயோகப் பொருள்களின் நிறுவனங்களும் அக்காலத்தில் இதில் சேர்ந்தன.

தேசிய அணிகள் வந்ததும் 1930 முதல் 1934 வரை ஐந்து ஆண்டுகளும் பிரெஞ்சு வீரர்களே வென்றனர். நாட்டுப்பற்றும் சாக்லேட்டும் சேர்ந்து கூட்டத்தைப் பெருக்கின. 1933ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போது ல'ஆட்டோ 8,54,000 படிகள் விற்றதாக டெக்ராஞ்சு அறிவித்தார்.

நிறுவன அணிகள் 1962இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகள் தவிர, அன்றுமுதல் இன்றுவரை அம்முறையே நிலவுகிறது. அணிவகுப்பு எதற்காகத் தோன்றியதோ அந்தத் தேசிய அணி முறை போய்விட்டது. அணிவகுப்பு மட்டும் நின்றுவிட்டது.

தொலைக்காட்சிக்கு முந்தைய காலம்

1930 முதல் 1960களின் நடுப்பகுதி வரையிலான காலமே இவ்வணிவகுப்பின் சிறந்த காலமாகக் கருதப்படுகிறது. இடையில் இரண்டாம் உலகப்போர் காரணமாக 1940 முதல் 1946 வரை பந்தயம் நடைபெறவில்லை. தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில், ஒரு நிறுவனம் நாட்டின் மூலைமுடுக்கிலுள்ள சிற்றூர் மக்களைச் சென்றடைய இதைவிட எளிய வழி இருக்கவில்லை. வண்டிகளை விற்பனைப் பொருளின் வடிவிலேயே கட்டினார்கள். சின்சானோ மது நிறுவனத்திற்காக மோட்டார் சைக்கிள் வீரர்கள் ஓடும் வண்டியில் சாகசம் செய்து காட்டினார்கள். கட்டம் முடியும் நகரங்களில் மாலைநேர இசை நிகழ்ச்சிகளும் நடந்தன.

அக்காலத்தின் அடையாளமாக இன்றும் நினைக்கப்படுபவர் அக்கார்டியன் கலைஞர் இவெத்து ஓர்னேர். 1922இல் பிறந்த இவர், 1948இல் அக்கார்டியன் இசைக்கான உலகக் கோப்பையை வென்ற முதல் பெண். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலுமாகப் பதினொரு டூர் பந்தயங்களில் அணிவகுப்புடன் சென்றார். சித்ரோயன் காரின் கூரைமேல் அமர்ந்து, வெயிலிலும் தூசியிலும் வாசித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனார். பல சிற்றூர்களில் வீரர்களைவிட அவரை எதிர்பார்த்து நின்றவர்களே அதிகம் என்று சொல்லுமளவுக்குப் புகழ் பெற்றார். 2018இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வணிகப் பெயர்களைக் குறிப்பிடும் விளம்பரங்கள் 1968 அக்டோபர் 1 அன்று தொடங்கின. வீட்டுக்குள்ளேயே விளம்பரம் வந்துவிட்டதால் சாலை அணிவகுப்பின் முதன்மை குறைந்தது. 1991இல் இயற்றப்பட்ட எவேன் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்து, மது விளம்பரத்தையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. முன்பு அணிவகுப்பில் முன்னணியில் இருந்த மதுவகைகள் அதன்பின் மறைந்தன. அவற்றின் இடத்தை வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பல்பொருள் அங்காடிகள், தண்ணீர்ப் புட்டி மற்றும் இனிப்பு நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன.

அணிவகுப்பு நகரும் முறை

பார்ப்பவர்களுக்குத் திருவிழாக் கூட்டம்போல் தோன்றினாலும், அணிவகுப்பு மிகவும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒன்றாகும். வண்டிகள் வீரர்கள் புறப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடும். பிறகு வழியில் ஒன்றுசேர்ந்து, வீரர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஒவ்வோர் ஊரையும் கடக்கும். வீரர்கள் பிற்பகல் 3 மணிக்கு வருவார்கள் எனக் கணிக்கப்பட்ட ஊரில் 1.30 மணியளவில் அணிவகுப்பை எதிர்பார்க்கலாம்.

வண்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மிகப் பெரிதாக இருந்த ஆண்டுகளில் சுமார் 250 வண்டிகள் சென்றன. அப்போது வரிசை 20 முதல் 25 கிலோமீட்டர் வரை நீண்டது. ஓரிடத்தைக் கடக்க 40 நிமிடங்கள் ஆயின. அண்மைக்காலத்தில் வண்டிகளின் எண்ணிக்கை சுமார் 150 ஆகக் குறைந்துள்ளது. முன்பு கணக்கிட்ட 16 நொடிகளோடு ஒப்பிட்டால், அரை மணி நேரம் நீடிக்கும் காட்சி என்பது சாலையோரத்தில் நிற்பவருக்கு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

எந்த வண்டி முன்னால், எது பின்னால் என்பது ஒப்பந்தப்படி முடிவாகிறது. அதிகத் தொகை செலுத்தும் நிறுவனங்களின் வண்டிகள் முன்வரிசையில் செல்லும். மூன்று வண்டிகளை இணைப்பதற்கு ஏறத்தாழ 1,50,000 யூரோ கட்டணம் என்று கூறப்பட்டுள்ளது. வீசும் பொருள்கள், வண்டி அலங்காரம், பணியாளரின் ஊதியம், தங்குமிடம் ஆகியவை தனிச்செலவு. வண்டிகளின் வேகம் இடத்திற்கேற்ப மணிக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வரை இருக்கும். அணிவகுப்புக்கென ஓர் இயக்குநர், வானொலித் தொடர்பாளர்கள், பழுதுநீக்குவோர், மருத்துவக் குழுவினர் ஆகியோர் உண்டு. குடியரசுக் காவற்படையின் மோட்டார் சைக்கிள் வீரர்களும் உடன் செல்வர். வண்டிகள் எங்கெங்கே உள்ளன என்பது செயற்கைக்கோள் இடங்காட்டி மூலம் கண்காணிக்கப்படுகிறது.

மேலே கட்டிய பெரிய உருவங்களோடு பொதுச்சாலையில் ஓட அனுமதி இல்லாததால், பல வண்டிகளின் அலங்காரத்தை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கழற்றி, அடுத்த நாள் காலையில் மீண்டும் பொருத்தவேண்டும். இந்த வேலையைப் பார்வையாளர்கள் காண்பதில்லை.

வீசப்படும் பொருள்கள்

ஒரு பந்தயத்தில் வழங்கப்படும் பொருள்களின் எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. வண்டியில் நிற்கும் ஒருவர் நாளொன்றுக்கு 3,000 முதல் 5,000 பொருள்கள் வரை வீசுகிறார். 1994ஆம் ஆண்டில் கான் என்ற காப்பீட்டு நிறுவனம் மட்டும் 1,70,000 தொப்பிகள், 80,000 சின்னங்கள், 60,000 நெகிழிப் பைகள், 5,35,000 பந்தயச் செய்தித்தாள்கள் ஆகியவற்றை வழங்கியது. இவற்றின் மொத்த எடை 32 டன்.

பொருள்களின் விலை மிகக் குறைவு. ஆயினும் அவற்றுக்காக மக்கள் காட்டும் ஆர்வம் வியப்புக்குரியது. கடையில் வாங்க எண்ணாத ஒரு சாவிக்கொத்துக்காகப் பெரியவர்களும் கைநீட்டிக் குதிப்பதைக் காணலாம். சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். கொஷோனூ என்ற பன்றியிறைச்சி நிறுவனம் வழங்கும் சிவப்பு வெள்ளைக் கட்டம்போட்ட துணித்தொப்பி பிரான்சில் கோடைகாலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்நிறுவனத்தின் வண்டிகள் அதே கட்டம் தீட்டிய பழைய சித்ரோயன் 2சிவி கார்கள். ஹரிபோ இனிப்புப் பொட்டலங்களுக்குக் குழந்தைகளிடையே போட்டி அதிகம்.

மலையேற்றத்தில் சிறந்தவருக்கு வழங்கப்படும் வெள்ளையில் சிவப்புப் புள்ளியிட்ட சட்டைக்கும் இவ்வுலகத்தோடு தொடர்பு உண்டு. 1975இல் அச்சட்டை அறிமுகமானபோது அதற்கு ஆதரவளித்தது புலேன் என்ற சாக்லேட் நிறுவனம். அதன் சாக்லேட் உறையின் வடிவமே சட்டையாயிற்று என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்று அதே புள்ளியிட்ட சட்டைகளும் தொப்பிகளும் அணிவகுப்பில் வழங்கப்படுவதால், மலைச்சாலைகளில் பார்வையாளர்களே புள்ளிச்சட்டை அணிந்து நிற்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் காணலாம். இலவசமாகப் பெற்றதை அணிந்து நிற்பவரும் அந்நேரத்தில் விளம்பரத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறார்.

வண்டியில் நிற்பவர்கள்

பொருள்களை வீசுபவர்களில் பெரும்பாலோர் கோடை விடுமுறையில் வேலை தேடும் மாணவர்கள். மூன்று வாரங்கள் நாடு முழுவதும் சுற்றிவருவதும், வழிநெடுக மக்கள் கையசைப்பதும் இளைஞர்களை ஈர்க்கின்றன. வேலை எளிதன்று. ஓடும் வண்டியில் பாதுகாப்பு வார் பூட்டிக்கொண்டு, கடும் வெயிலிலோ மலைமழையிலோ மணிக்கணக்கில் நிற்கவேண்டும். ஒரே பாடல் நாள் முழுவதும் காதருகே ஒலிக்கும். கடைசி ஊரிலும் முதல் ஊரில் காட்டிய அதே சிரிப்பைக் காட்டவேண்டும். அந்த ஊர் மக்களுக்கு அதுவே முதல் காட்சி அல்லவா? மாலையில் அலங்காரத்தைக் கழற்றி, மறுநாளுக்கான பெட்டிகளை ஏற்றிய பிறகே ஓய்வு.

விபத்துகளும் பாதுகாப்பும்

சிறுவர்களை ஈர்ப்பதற்காகவே பொருள்களை வீசும் வண்டிகள், அச்சிறுவர்களுக்கு மிக அருகில் ஓடுகின்றன என்பது இவ்வணிவகுப்பின் தீராத முரண்பாடு. 2000ஆம் ஆண்டில் தென்கிழக்கு பிரான்சில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அணிவகுப்பு வண்டி மோதி இறந்தான். இரண்டே ஆண்டுகளில், 2002இல், தென்மேற்கிலுள்ள லாந்து மாவட்டத்தில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் சாலையைக் கடக்க ஓடியபோது வண்டியில் அடிபட்டு இறந்தான்.

இத்தகைய விபத்து நேரும் முறையைப் புரிந்துகொள்வது கடினமன்று. வீசிய பொட்டலம் சாலையின் நடுவில் விழுகிறது. அல்லது உறவினர் எதிர்ப்புறம் நிற்கிறார்கள். முதல் வண்டி கடந்ததும் குழந்தை ஓடுகிறது. இசையின் இரைச்சலில் அடுத்த வண்டி வரும் ஓசை கேட்பதில்லை. ஒரு வண்டி போய்விட்டால் சாலை காலியாகிவிட்டது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. ஆனால் வரிசை இன்னும் பல கிலோமீட்டர் நீண்டிருக்கிறது. இதனால்தான், பொருள்களைச் சாலையில் விழாதபடி பக்கவாட்டில், பார்வையாளர்களின் காலடிக்கு அருகிலோ அவர்களுக்குப் பின்னாலோ விழுமாறு வீசவேண்டும் என்பது பணியாளர்களின் பயிற்சியில் முதன்மையான பாடமாக உள்ளது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுமாறும், விழுந்ததை எடுக்கச் சாலைக்குள் இறங்கவேண்டாம் என்றும் அறிவுறுத்தல்கள் வழங்கப்படுகின்றன. எத்தனை விதி இருந்தாலும், சாலையோரத்தில் நிற்கும் குழந்தையின் கையைப் பற்றியிருக்கவேண்டியவர் உடன் வந்த பெரியவரே. அந்தப் பெரியவரும் ஒரு தொப்பிக்காக இரு கைகளையும் உயர்த்தியிருக்கும் நேரமே மிக ஆபத்தானது.

எதிர்ப்புகள்

அணிவகுப்பின் மீதான குறைகூறல் அதன் வயதை ஒட்டியது. 1930களிலேயே எழுத்தாளர் பியேர் போஸ்து, மதுவையும் உள்ளாடையையும் குப்பைத்தொட்டியையும் புகழ்ந்து பாடியபடி நாட்டுப்புறத்தில் செல்லும் இந்த வண்டிகளை வெட்கக்கேடான காட்சி என்று சாடினார். அன்றைய எதிர்ப்பு ரசனையைப் பற்றியது. இன்றைய எதிர்ப்பு பெரும்பாலும் சுற்றுச்சூழலைப் பற்றியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுபொருள்களில் எத்தனை வீட்டிற்குப் போய்ப் பயன்படுகின்றன, எத்தனை ஓடையிலும் மேய்ச்சல் நிலத்திலும் கிடக்கின்றன என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. உயரமான மலைக்கணவாய்களில் விழும் நெகிழி உறைகளைப் பொறுக்குவது எளிதன்று. அணிவகுப்பு வண்டிகளின் எரிபொருள் புகையும் கண்டிக்கப்படுகிறது. இதனால் நெகிழி உறைகளைத் தவிர்க்கவும், உண்ணத்தக்க அல்லது திரும்பப் பயன்படுத்தத்தக்க பொருள்களை வழங்கவும், மின்சார மற்றும் கலப்பின வண்டிகளுக்கு மாறவும் அமைப்பாளர்கள் நிறுவனங்களை வற்புறுத்தி வருகின்றனர். வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. இருப்பினும் ஒரு பொருளை வாங்க விரும்பாதவருக்கும் அதை வீசிக் கொடுப்பதே இதன் அடிப்படை என்பதால், கழிவு முழுவதும் ஒழியும் என்று எதிர்பார்க்க இயலாது.

கொரோனாப் பெருந்தொற்று காரணமாக 2020ஆம் ஆண்டுப் பந்தயம் ஆகஸ்டு 29க்குத் தள்ளிவைக்கப்பட்டபோது, அணிவகுப்பு அளவில் சுருக்கப்பட்டது, ஆனால் கைவிடப்படவில்லை.

பிற பந்தயங்களில்

இத்தாலியின் ஜீரோ டி'இத்தாலியா பந்தயத்திலும் இத்தகைய விளம்பர அணிவகுப்பு உண்டு. அளவிலும் புகழிலும் பிரெஞ்சு அணிவகுப்பே பெரியது. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் 2022 ஜூலை 24 அன்று பாரிசில் புதுவடிவில் தொடங்கியபோது, அதற்கும் தனியாக ஒரு சிறிய அணிவகுப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. அப்பந்தயத்தின் சாலைகளிலும் இப்போது வீராங்கனைகளுக்கு முன்பாக இசை வண்டிகள் செல்கின்றன.